ஒரே பக்கம் ஓடிய கோலிகள்

இருநூற்று அறுபத்து மூன்று கண்ணாடிக் கோலிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு நான்கு மாடிக் கட்டடத்தைப் பதினோரு நிமிடத்தில் காலி செய்தவன் நான். உள்ளே இருந்தவர்கள் நாற்பத்தொரு மனிதர்கள், ஒரு கிளி, ஒரு சலவை இயந்திரம். சலவை இயந்திரத்தை யார் தூக்கி வந்தார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. அதுவாகவே படியிறங்கி வந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அன்றைக்கு இருந்த பயத்தில் அதற்கும் கால் முளைத்திருக்கும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் சொல்வதைப் பத்தால் வகுத்து எடுத்துக்கொள்ளும்படி என் மனைவி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் தம்பி, அதாவது என் மச்சான், நூறால் வகுப்பான். கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் கட்டடத்திலேயே முதல் மாடியில் குடியிருந்தான். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. அந்தக் கட்டடம் எழும்பியபோது மேற்பார்வை பார்த்தவனும் அவன்தான்.

"இதுல போட்ட கம்பி ஒவ்வொண்ணையும் நான் எண்ணியிருக்கேன் அத்தான்" என்பான்.

"பாத்து மச்சான், ஒருநாள் உள்ள போய் எண்ண வெச்சிடப் போறாங்க" என்பேன்.

எங்கள் உறவு அப்படி.

நான் முப்பத்தாறு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்தவன். ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்குக் கை நமைச்சல் எடுத்தது. பத்தே காலுக்குக் கோலி சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். இன்றைக்கு இயந்திரம் துப்புகிற கோலி இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் கையால் செய்தவை. காய்ச்சிய கண்ணாடிக் கம்பியின் நுனியை உருட்டி, கத்தரியால் நறுக்கி எடுப்பார்கள். நறுக்கிய இடத்தில் ஒரு தழும்பு இருக்கும், மனிதனுக்குத் தொப்புள் மாதிரி. இயந்திரத்தில் பிறந்ததற்குத் தொப்புள் கிடையாது. அதைப் பார்த்துத்தான் பழசா புதுசா என்று பிரிப்பது. கண்ணுக்குத் தப்பினால் விரலால் தடவ வேண்டும். விரலுக்கும் தப்பினால் கீழுதட்டில் உருட்ட வேண்டும். இதை என் மனைவி முதல்முறை பார்த்தபோது, எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று தம்பியைக் கூப்பிட்டு அழுதாள்.

உதட்டுக்கும் தப்பினால், கடைசித் தீர்ப்பு என் பலகை. கடையின் காட்சிப் பெட்டியில் இருந்த தடித்த கண்ணாடி அது, ஜன்னலோர மேஜைமேல் கிடக்கும். மச்சானின் ரசமட்டத்தை இரவல் வாங்கி, மேஜைக் கால்களுக்கு அடியில் அட்டை கொடுத்து, குமிழி நட்ட நடுவில் நிற்கும்படி சரிசெய்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. இயந்திரக் கோலி அதில் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் நேராக ஓடும், தலைமையாசிரியர் பார்க்கும்போது நடக்கிற பிள்ளை மாதிரி. கைக்கோலி அப்படி இல்லை. தழும்பு அடியில் வரும்போதெல்லாம் ஒருதரம் நொண்டும். நொண்டி நொண்டி ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு திசை பிடிக்கும். அந்த நொண்டலைக் காதால் கேட்டே கோலி பிறந்த வருஷத்தைச் சொல்வேன். மச்சான் பக்கத்தில் இல்லையென்றால் கிழமையையும் சொல்வேன்.

இப்படி இருக்கையில், பத்து நாள் விடாத மழை ஓய்ந்த ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டாம் மாடியிலிருந்த கடிகாரம் பழுதுபார்ப்பவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனிதர். பஞ்சில் சுற்றிய ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

"எங்கப்பா சாமான் பெட்டியில கெடந்துச்சு, கோலி சார். பழசுதானான்னு பாத்துச் சொல்லணும்."

கட்டடத்தில் என் பெயரே 'கோலி சார்'தான். பிரித்ததும் எனக்கு உச்சந்தலை குளிர்ந்தது. எலுமிச்சம்பழம் அளவு. நடுவில் வெள்ளை நூலால் பின்னின மாதிரி ஒரு வலை. அதைச் சுற்றி நீலமும் செங்கல் சிவப்புமாக நான்கு நாடா, எல்லாம் இடப்பக்கம் முறுக்கியவை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு முனையிலும் தழும்பு. உள்ளே இருந்த காற்றுக் குமிழிகள்கூட முறுக்கின் திசையிலேயே நீண்டிருந்தன. மேல்புறத்தில், விளையாடி அடிபட்ட பிறைத் தடங்கள், நகம் பதிந்தாற்போல். நூற்று இருபது வருஷத்துக்கு ஒருநாள்கூடக் குறையாது. என் பெட்டியிலிருக்கும் அத்தனையும் எழுந்து நின்று கும்பிட வேண்டிய கோலி.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், பலகையில் ஒருமுறை உருட்டினேன்.

ஜன்னல் மூலைக்குப் போனது.

எதிர்ப்பக்கம் தள்ளினேன். பாதி தூரம் போய், யோசித்து, திரும்பி ஜன்னல் மூலைக்கே வந்தது. எட்டு தடவை தள்ளினேன். எட்டு தடவையும் அதே மூலை. அசல் கைக்கோலி இப்படி ஒரே திசையைப் பிடிக்காது.

கண் 'பழசு' என்றது, பலகை 'போலி' என்றது. எட்டு வருஷமாகப் பலகை ஒருநாளும் பொய் சொன்னதில்லை. "கனம் ஒரு பக்கமா இறங்கியிருக்கு. பழசு மாதிரி செஞ்ச புதுசுங்க" என்றேன்.

அவர் முகம் நின்றுபோன கடிகாரமாகிவிட்டது. "எங்கப்பா ஆடின கோலி சார் இது" என்று மட்டும் சொன்னார். பஞ்சில் திரும்பச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மனசு கேட்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க என் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து உருட்டினேன். ஜன்னல் மூலை. இன்னொன்று. ஜன்னல் மூலை. பெட்டிக் கடையில் வாங்கிய இயந்திரக் கோலியை எடுத்து விட்டேன். அதுவும் நல்ல பிள்ளையாக ஜன்னல் மூலைக்கே போய் உட்கார்ந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே தரையைப் பார்த்திருப்பான். கோலிக்காரன் பலகையைத்தான் பார்ப்பான். மேஜைக்கால் அட்டை நைந்துபோய்விட்டது என்று முடிவு கட்டி, மருந்து டப்பாவைக் கிழித்து ஜன்னல் பக்கத்துக் கால்களுக்கு அடியில் ஒரு மடிப்புக் கொடுத்தேன். கோலி அடங்கியது. அப்பாடா என்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஜன்னல் மூலை. இன்னொரு மடிப்பு. "தரை துடைக்கும்போது மேஜையை இடிச்சியா?" என்று மனைவியிடம் சண்டைக்குப் போனேன். "உங்க மேஜையை நான் தொட்டு நாலு வருஷமாச்சு. தொட்டா நீங்க கத்துற கத்துல கிளி பறந்துடுது" என்றாள். கிளி மேல்வீட்டுக்காரர்களுடையது. புதன்கிழமை இரண்டு மடிப்பு. வியாழக்கிழமை காலை மருந்து டப்பாவே தீர்ந்துபோய், முழங்கால் தைல அட்டையைக் கிழித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்த இயந்திரக் கோலி நழுவித் தரையில் விழுந்தது.

விழுந்து, நின்றது. அப்புறம் நகர்ந்தது.

நான் தொடவில்லை. காற்று இல்லை. மின்விசிறி ஓடவில்லை. முதலில் எறும்பு வேகத்தில், பிறகு பூனை வேகத்தில், அறையின் முழு அகலத்தையும் கடந்து போய் ஜன்னல் சுவரில் 'டிக்' என்று இடித்து நின்றது.

மேஜைக்கு அடியிலேயே, நான்கு காலில், அப்படியே கிடந்தேன். என் இதயம் அடித்த அடியில் மேலே பலகை அதிர்ந்தது. இதை வகுக்காமலே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்து மனையில் ஏதோ பெரிய கடை வரப் போகிறது என்று, தரைக்குக் கீழே வண்டி நிறுத்த, மூன்று வாரமாகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சுவரிலிருந்து ஆறு அடி தள்ளிப் பள்ளம். எழுந்து எட்டிப் பார்த்தேன். அடியில் மழைத்தண்ணீர் காப்பி நிறத்தில் நின்றது. அதை உறிஞ்சும் பம்பு ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரோடு மண்ணும் போய்க்கொண்டிருந்தது. எந்த மண் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஏய், இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கோலியை எடுத்து நடு அறையில் வைத்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அது கிளம்பியது. போய்ச் சுவரில் இடித்தது. அவள் கை இடுப்பிலிருந்து இறங்கி வாய்க்குப் போனது.

"குளிக்கிற தண்ணி ரெண்டு நாளா ஓட்டைக்குப் போகாம ஜன்னல் பக்கமாப் போய்த் தேங்குதுங்க. கதவை வேற ஒதைச்சுத்தான் தெறக்க வேண்டியிருக்கு. சொன்னேனே, காதுல வாங்குனீங்களா?"

"எப்ப சொன்ன?"

"நீங்க கோலியை வாயில வெச்சிட்டிருந்தப்ப."

செருப்புகூடப் போடாமல் முதல் மாடிக்கு இறங்கினேன். மச்சான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். தாளை மடித்தான். எனக்கு உயிர் வந்தது. மடித்த தாளால் கொசு ஒன்றை அடித்தான்.

"அத்தான், போன வருஷம் கேஸ் கசியுதுன்னு மொத்தக் கட்டடத்தையும் வெயில்ல நிக்க வெச்சீங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கோலியில் ஒட்டிய பழைய பெயின்டைக் கழுவ நான் திறந்து வைத்திருந்த தின்னர் வாசனை அது.

"அதுக்கு முந்தி, இருட்டுல ஒளிர்ற கோலி ஒண்ணு கெடச்சிருக்கு, அந்த வெளிச்சத்துல பேப்பர் படிச்சேன்னீங்க."

"தலைப்பு மட்டும்தான் படிச்சேன்னு அப்பவே ஒத்துக்கிட்டேனே! மச்சான், இது அது இல்லடா. கட்டடம் சாயுது. உன் கால்ல விழறேன், எல்லாரையும் எறக்கு. நீ சொன்னாத்தான் எறங்குவாங்க. நான் சொன்னா என்னைக் கிளிக்கு அடுத்த கூண்டுல வைப்பாங்க."

அவன் அப்போதுதான் என் காலைப் பார்த்தான், செருப்பு இல்லாத காலை. கொஞ்சம் முகம் மாறியது. ஆனால் தொழில் புத்தி விடவில்லை. "என் ரசமட்டத்தைக் கொண்டாங்க. வெச்சுப் பாத்துடலாம்."

எட்டு வருஷமாகத் திருப்பித் தராத ரசமட்டம். பால்கனி வெயிலில் கிடந்து, குழாய் விரிசல் விட்டு, உள்ளே இருந்த திரவம் எப்போதோ ஆவியாகிப் போயிருந்தது. அதைக் கையில் வாங்கியவன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

"சரி. நாளைக்குக் காலையில தூக்குக்குண்டு ஒண்ணு வாங்கியாந்து, மேலேர்ந்து தொங்கவிட்டுப் பாக்கிறேன்."

"உன் குண்டு நாளைக்கு வரும் மச்சான். என் குண்டு இப்பவே ஓடுது. வந்து பாரு."

வந்தான். என் வீடு இருந்த மூன்றாம் மாடி நடைக்கூடத்தில் நின்றான். கூச்சல் கேட்டுக் கதவுகள் திறந்தன. "என்ன கோலி சார், இன்னைக்கும் கேஸா?" என்று ஒருவர் கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். கடிகாரக்காரர் படியில் நின்று சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடைக்கூடம் நீளமானது. ஒரு முனையில் படிக்கட்டு. மறு முனையில் பள்ளத்தைப் பார்த்த சுவர். நடுவில் நான் ஒரு பழைய கோலியை வைத்தேன். பதற்றத்தில் இயந்திரக் கோலிக்குப் பதில் கையில் அகப்பட்டதை எடுத்துவிட்டேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். அது நொண்டி நொண்டிப் பள்ளத்துப் பக்கம் போனது.

மச்சான் சிரித்தேவிட்டான். "அத்தான், கையால செஞ்ச கோலி உருண்டையாவே இருக்காது, தன் இஷ்டத்துக்குத்தான் ஓடும்னு எனக்குப் பத்து வருஷமாப் பாடம் எடுத்தது யாரு? நீங்களா, உங்க பலகையா? இது ஓடினதை வெச்சு நாப்பது பேரைத் தெருவுக்குத் தள்ளச் சொல்றீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் பள்ளத்துப் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து, காய்ந்த பருத்திச் செடியை ஒடிக்கிற மாதிரி, மெல்லிசாக ஒரு 'முறுக்' வந்தது. எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் கேட்டது.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒரு கைக்கோலி எந்தப் பக்கம் போனாலும் அதற்கு அதன் தொப்புள்தான் காரணம். நூறு கைக்கோலி இருந்தால் நூறு திசைக்குப் போகும். அப்படிப் போக வேண்டியவை எல்லாம் ஒரே திசைக்குப் போனால்?

உள்ளே ஓடினேன். என் பெட்டியைத் தூக்கினேன். இரும்புப் பெட்டி, உள்ளே அறை அறையாகப் பிரித்து, பஞ்சு வைத்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி, வருஷம் எழுதி, பதினொரு வருஷ உழைப்பு. கண்ணாடியும் கண்ணாடியும் மோதினால் பிறை விழும். புதுசாகப் பிறை விழுந்த கோலியைச் சேகரிப்பவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பஞ்சைப் பிய்த்தேன்.

"ஏங்க!" என்று மனைவி கத்தினாள். அவளுக்குத்தான் தெரியும், நான் என்ன செய்கிறேன் என்று.

கவிழ்த்துவிட்டேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? வானத்திலிருந்து ஆலங்கட்டி விழுந்த மாதிரி என்றால், மச்சான் நூறால் வகுப்பான். இருநூற்று அறுபத்து மூன்று கோலிகள் தரையில் குதித்து, மோதி, எட்டுத் திக்கும் சிதறின. சுவரில் பட்டுத் திரும்பின, ஆட்களின் கால்களுக்கு இடையில் புகுந்தன. சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தது. ஒரு கணம் எல்லாம் நின்றன.

பிறகு ஒன்றாகக் கிளம்பின.

நீலம், மஞ்சள், வெள்ளை வலை போட்டது, உள்ளே சின்ன ஆட்டுக்குட்டி உருவம் வைத்தது, எல்லாம் நொண்டியபடியே, யாரோ கூப்பிட்ட மாதிரி, பள்ளத்துச் சுவரை நோக்கி. படிக்கட்டுப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. ஒன்றுகூட. சிரிப்பு நின்றது. டக டக டகவென்று சுவரில் போய் முட்டின. குவிந்தன. அதோடு முடிந்திருந்தால்கூட மச்சான் ஏதாவது சொல்லியிருப்பான்.

குவிந்தவை குறைய ஆரம்பித்தன.

தரைக்கும் சுவருக்கும் நடுவில், போன வாரம்வரை ஒரு கோடுகூட இல்லாத இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு இருட்டு இருந்தது. கோலிகள் ஒவ்வொன்றாக அந்த இருட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. விழுகிற சத்தம் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, எங்கோ கீழே, தண்ணீரில் 'ப்ளக்'.

மச்சான் குனிந்து அந்த இடுக்கில் விரலை விட்டான். விரல் முழுக்கப் போனது. அவன் எழுந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அறுபத்து நாலு வயதில் அந்த மனிதன் கத்தி நான் கேட்டதில்லை.

"எல்லாரும் கீழ! எதையும் எடுக்காதீங்க! அப்படியே எறங்குங்க! கீழ போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க!"

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். கதவுகளை உதைக்கிற சத்தம். ஒரு குழந்தை அழுகை. மேல்மாடியிலிருந்து கூண்டோடு இறங்கிய கிளி ஒவ்வொரு படிக்கும் "யாரது, யாரது" என்று கேட்டது. மச்சான் ஒவ்வொரு தளத்திலும் நின்று தலை எண்ணிக்கொண்டே வந்தான், கம்பி எண்ணின பழக்கம். கடிகாரக்காரர் நடக்க முடியாத ஒரு அம்மாளை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். அவர் சட்டைப் பை எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. "நூத்து இருபது வருஷம்!" என்று ஓடிக்கொண்டே அவர் காதில் கத்தினேன். "அசல்! நான்தான் போலி!" அவர் தலையாட்டினார்.

தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று மூச்சு விட்டேன். மச்சான் எண்ணி முடித்தான். மறுபடி எண்ணினான். என்னிடம் வந்தான்.

"அக்கா எங்க?"

என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடின. மூன்று மாடி. அறுபத்தேழு வயது. முழங்கால் தைலத்தின் அட்டை மட்டும்தான் அன்று உபயோகப்பட்டிருந்தது. பின்னால் மச்சான் ஓடி வந்தான். படிக்கட்டுச் சுவரெல்லாம் முறுக், முறுக் என்று பேசிக்கொண்டிருந்தது. இப்போது எல்லாருக்கும் கேட்கும். காரை தலையில் உதிர்ந்தது. வாயில் சுண்ணாம்பு ருசி. "சாமி, சாமி" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே வந்தது. அது என் குரல்.

அவள் நடைக்கூடத்தின் கடைசியில், அந்த இடுக்குக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, முந்தானையில் கோலி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பைத்தியமா!"

"கத்தாதீங்க. இதெல்லாம் போயிடுச்சுன்னா சாகிற வரைக்கும் உங்க பொலம்பலை யார் கேக்கிறது? பாதி பொறுக்கிட்டேன். அந்த ஆட்டுக்குட்டி உள்ளது மட்டும் கெடைக்கல."

அவள் கை அந்த இருட்டை நோக்கிப் போனது. தரை ஒரு அங்குலம் இறங்கியது. ஒரு அங்குலம்தான். என் வயிற்றில் அது நூறு அடியாக இறங்கியது. அவள் முந்தானையை உதறினேன். அவ்வளவும் கொட்டி உருண்டு ஓடின, இந்தத் தடவை ஒன்றுகூட நொண்டவில்லை, நேராக ஓடி மறைந்தன. நான் ஒரு கையையும் அவள் தம்பி ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். அவளை நடத்திக் கூட்டி வந்தோமா, தூக்கி வந்தோமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. படியில் கால் பட்டதாக ஞாபகமே இல்லை.

தெருவைக் கடந்து, திரும்பினோம்.

கட்டடம் விழுவது வேகமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. களைத்துப்போன ஆள் நாற்காலியில் உட்காருகிற மாதிரி, பள்ளத்துப் பக்கம் மெதுவாகச் சாய்ந்தது. என் ஜன்னல், என் பலகை, கீழ்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள், எல்லாம் வரிசையாக இறங்கின. அப்புறம்தான் சத்தம். அப்புறம் தூசி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அந்த வெள்ளை இருட்டில் மச்சானின் குரல் மட்டும், முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்றில் அது உடைந்து அழுதது. என் மனைவி என் கையை விடவில்லை. மூன்று நாள் விடவில்லை. சாப்பிடும்போதுகூட.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. ஒரு சின்ன அறை, ஒரு அதிகாரி, ஒரு தட்டச்சுக்காரர். முதலில் என்னை விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன். கோலிகள் கிளம்பின இடம் வந்ததும் அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். தட்டச்சுக்காரர் இருமுவது மாதிரி சிரித்தார். அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றி விசாரித்திருப்பார்கள் போலிருக்கிறது. கேஸ் கதை, பேப்பர் படித்த கதை, எல்லாம் அந்தக் கோப்பில் இருந்திருக்கும்.

"சரிங்க பெரியவரே, உட்காருங்க" என்றார். மச்சானைக் கூப்பிட்டார். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த ஒரு தாளை அவன் பக்கம் தள்ளினார். "நீங்க கட்டடப் பொறியாளர். விரிசலைப் பாத்து, ஆபத்தை உணர்ந்து, நாப்பத்தொரு பேரை வெளியேத்தியிருக்கீங்க. அப்படித்தான் எழுதியிருக்கோம். பெரிய விஷயம் சார். கையெழுத்துப் போடுங்க."

மச்சான் தாளைப் படித்தான். அவன் படிக்கிற வேகம் எனக்குத் தெரியும், ஒரு வரியை மூன்று தடவை படிப்பான். கையெழுத்துப் போட்டால் அவன் வீரன். போடாவிட்டால், தான் மேற்பார்வை பார்த்த கட்டடம் சாய்ந்துகொண்டிருக்கும்போது கொசு அடித்துக்கொண்டிருந்த பொறியாளன். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். தாளில் யார் பெயர் இருந்தால் என்ன? பொய் சொல்கிறேன். நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

அவன் தாளைத் திருப்பித் தள்ளினான்.

"இது தப்புங்க. விரிசலை நான் பாக்கல. எங்க அத்தான் வந்து சொன்னப்ப நான் சிரிச்சேன். எல்லாரையும் கூட்டி வெச்சுச் சிரிச்சேன். இந்த ஆளு இன்னைக்கு வரைக்கும் ஒரு விஷயத்தை உள்ளபடி சொல்லி நான் கேட்டதில்லை. கோலி இருநூத்து அறுபத்து மூணு இருந்திருக்காது. பதினோரு நிமிஷமும் இல்ல, இருபது ஆச்சு."

"பின்ன?" என்றார் அதிகாரி, பேனாவைத் திறக்காமல்.

மச்சான் மேஜைமேல் குனிந்தான். "பேனாவைத் தெறந்து எழுதிக்கங்க. கோலியைக் கொட்டினார். எல்லாம் ஒரே பக்கம் ஓடிச்சு. ஓடிச் சுவத்துக்குள்ள போச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அவர் சொன்ன மாதிரியேதாங்க நடந்துச்சு."